மீன் கழுவிய தண்ணீரும் கீரைப் பெட்டியும்

டிசைன் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். இரண்டு பக்கத்தில் முடிக்கிற ஆள் நான் இல்லை என்பது கேட்டவர்களுக்கும் தெரியும். பிளாஸ்டிக் எந்தச் சூட்டில் உருகும், அச்சின் எந்த மூலையில் காற்று அடைக்கும் என்பதையெல்லாம் இப்போது உங்கள் கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது. அது சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். என் சர்வீஸில் நான் செய்த மிகப் பெரிய தப்பு இது. கடைசியில் ஜெயித்துவிட்டதால் கூச்சமில்லாமல் சொல்ல முடிகிறது. தோற்றிருந்தால் இந்நேரம் உங்களுக்கு நேரம் தவறாமையைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மழை ஏமாற்றிய காலம். எங்கள் தொழிற்சாலை திருவொற்றியூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. குடம், வாளி, மீன் கூடை, இறால் உரிக்கும் ஷெட்டுகளுக்குத் தட்டு என்று பல சாமான்கள் செய்தாலும், எங்களுக்குச் சோறு போட்டது பேட்டரிப் பெட்டிகள்தான். ஒருநாள் அந்த ஆர்டர் ஒரே கடிதத்தில் நின்றுபோனது. பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கும் மோல்டிங் பிரிவில் இரண்டு ஷிப்ட் ஒன்றாகச் சுருங்கியது. அந்த ஒன்றிலும் பாதி நேரம் மெஷின்கள் சும்மா நின்றன.

முதலாளி மனதில் ஒன்று வைத்து வெளியில் ஒன்று பேசுகிறவர் அல்ல. எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து நேராகவே சொன்னார். கடைகளில் வைத்து விற்கிற மாதிரி சொந்தமாக ஒரு புதுச் சாமான் வேண்டும். அதற்கு அச்சு செய்ய ஒரே ஒரு தடவைதான் செலவு செய்வார். அது போகவில்லை என்றால் மோல்டிங் பிரிவை மூடிவிடுவார். அந்தப் பிரிவில் பதினான்கு பேர் இருந்தார்கள். பாதிப் பேர் வீட்டு விசேஷங்களுக்கு நான் போயிருக்கிறேன். மதியத்தில் யாருடைய டிபன் பாக்ஸில் என்ன இருக்கும் என்பதுகூட எனக்குத் தெரியும். அன்றைக்கு மதியம் அவர்களோடு உட்காராமல் என் மேஜையிலேயே சாப்பிட்டேன்.

கீரைப் பெட்டி என்னுடைய யோசனை. டிப்ளமோ முடித்துவிட்டு டிராயிங் போடுகிறவளாகச் சேர்ந்து, டிசைன் பொறுப்புக்கு வந்திருந்தேன். வீடு ராயபுரத்தில். தினமும் கும்மிடிப்பூண்டி ரயிலில் லேடீஸ் கம்பார்ட்மெண்டில் வருவேன். அங்கே அலசப்படாத விஷயம் கிடையாது. கீரையை நாலு தண்ணீரில் அலசினாலும் துறைமுகத்திலிருந்து பறந்து வந்து படிகிற கரித்தூள் போகவில்லை என்பது வாராந்திரப் புலம்பல். சரி, நாமே வளர்க்கலாமே என்றால், வெளியே வைத்தால் ஆடு மேய்ந்துவிடும், ஆடு விட்டதை உப்புக்காற்று கருக்கிவிடும். உள்ளே வைத்தால் இருட்டு. ஒற்றை அறை வீட்டுக்குள்ளேயே, டிவிக்குப் பக்கத்தில், கீரை வளர்க்க ஒரு பெட்டி செய்தால் என்ன என்று எனக்கு வண்ணாரப்பேட்டை ஸ்டேஷன் தாண்டும்போது தோன்றியது. தண்டையார்பேட்டை வருவதற்குள் கைப்பைக்குள் இருந்த கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் படம் வரைந்துவிட்டேன்.

படம் இதுதான். மேலே தென்னை நார்க்கழிவும் மண்ணும் போட்ட, நாலு கால் வைத்த ஒரு தொட்டி. அதற்கு அடியில் மூடிய தண்ணீர் டேங்க். டேங்கிலிருந்து தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்ற ஒரு திரி. தலைக்கு மேல் ஒரு ட்யூப்லைட். ஒருதரம் டேங்கை நிரப்பினால் ஒரு வாரத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம். அந்த டேங்க்தான் என் பெருமை. முதலாளியிடம் நான் அதைப் பற்றிப் பேசியதில் கால்வாசிகூடக் கீரையைப் பற்றிப் பேசவில்லை.

எடுத்தவுடன் எனக்கு ஒரு வெற்றியும் கிடைத்தது. திமிர் ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம். விடியற்காலையில் கடலுக்குப் போய்விட்டு வந்து பகலில் தூங்குகிற ஆண்கள் உள்ள வீடுகளில், விளக்கு முகத்தில் அடித்தால் பெட்டி தெருவுக்குப் போய்விடும் என்று நான் முன்கூட்டியே யோசித்தேன். வெளிச்சம் செடியின்மேல் மட்டும் விழுகிற மாதிரி விளக்குக்கு ஒரு குல்லாய் வைத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். குப்பத்து வீடுகளை என்னைவிட யாருக்குத் தெரியும் என்று நானே எனக்கு ஒரு மாலை போட்டுக்கொண்டேன்.

அச்சுகள் தயாராயின. பாத்திரம், ஸ்டவ் போன்றவை விற்கும் பல கிளைகள் கொண்ட ஒரு கடையைச் சேர்ந்தவர்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு ஆர்வம் காட்டினார்கள். ஆனால் அவர்களுடைய பர்ச்சேஸ் அதிகாரி விவரமானவர். ஷோரூமில் எல்லாமே நன்றாகத்தான் வளரும், ஜனங்கள் வீட்டில் பத்து வாரம் வைத்திருங்கள், நானே வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். நான் ஆறு வீடுகளுக்குப் பெட்டி கொடுத்தேன். மூன்று வீடு திருவொற்றியூர் கடலோரக் குப்பத்தில், மூன்று வீடு வியாசர்பாடி அடுக்குக் குடியிருப்பில். கூடவே என்னென்ன செய்ய வேண்டும் என்று அழகாக அச்சடித்த ஒரு தாளும் கொடுத்தேன்.

குப்பத்து வீடுகளில் ஒன்று அஞ்சலை அக்காவுடையது. அவர் காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர். எங்கள் தொழிற்சாலை வாசலுக்கும் வருவார். அவர் சொன்னால் அந்தத் தெருவே கேட்கும் என்பதால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டாவது வாரம் நான் போனபோது என் பெட்டி வீட்டுக்கு வெளியே, கிழிந்த வலைக்குவியலுக்குப் பக்கத்தில் கிடந்தது. நாலடி தூரத்திலேயே நாற்றம் மூக்கைத் துளைத்தது. வெந்தயக்கீரை என்னவோ பச்சைப்பசேல் என்றுதான் இருந்தது.

"உன் பொட்டி நல்லாத்தான் கீது கண்ணு. நாத்தம்தான் பேஜாரா கீது. வூட்ல ஒருத்தன் சோறு துன்ன முடில," என்றார் அக்கா.

நான் டேங்கின் வாயைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டேன். உள்ளே செதில்கள் மிதந்தன. என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டேன். அக்கா என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"மீன் கய்வுன தண்ணிதான். செடிக்கு வேற இன்னாத்த ஊத்துவாங்க?"

தாளில் நல்ல தண்ணீர் என்று போட்டிருக்கிறதே என்றேன். தாள் அரிசி டப்பாவுக்கு அடியில் விரித்திருந்தது. அக்கா அன்றைக்குத்தான் என்னிடம் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார்.

"குடிக்கறதுக்கே குடத்த தூக்கிகினு லாரி பின்னால ஓட்றோம். கீரைக்கு நல்ல தண்ணி ஊத்தணுமா? நீ ஊத்துவியா?"

மற்ற ஐந்து வீடுகளுக்கும் அந்த வாரமே ஓடினேன். குப்பத்தின் மற்ற இரண்டு வீடுகளிலும் இதே கதை. வியாசர்பாடியில் இரண்டு வீடுகளில் மீன் தண்ணீரோடு அரிசி களைந்த தண்ணீரும் சேர்ந்து, டேங்குக்குள் கள் மாதிரி நுரைத்திருந்தது. மூன்றாவது வீட்டுக்காரர்கள் எதையுமே ஊற்றவில்லை. அந்தக் கீரை மட்டும் நாறாமல் செத்திருந்தது.

இந்த இடத்தில்தான் நான் தப்புச் செய்தேன். நாற்றம் என் தப்பு இல்லை, அதற்குப் பிறகு நான் எழுதியதுதான் தப்பு. முதலாளிக்கு ஒரு ரிப்போர்ட் கொடுத்தேன். அதன் முதல் வரி: பெட்டியில் குறை இல்லை, உபயோகிப்பவர்களின் கவனக்குறைவே காரணம். விற்பனைப் பிரிவில் இருந்தவர் இதைப் படித்துவிட்டு மிகவும் சந்தோஷப்பட்டார். டேங்க் வாயில் சிவப்பு எழுத்தில் 'சுத்தமான நீர் மட்டும்' என்று ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம் என்றார். நானும் தலையாட்டினேன். ஸ்டிக்கருக்கு என்ன சைஸ் எழுத்து என்பது பற்றி இரண்டு படித்த மனிதர்கள் ஒரு மணி நேரம் பேசினோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சங்கரா மீன். அம்மா சமையலறையில் உட்கார்ந்து மீனை ஆய்ந்து முடித்தார். அலுமினியச் சட்டியைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் பின்பக்கம் போனார். அங்கே பழைய பெயின்ட் டின்னில் எங்கள் கறிவேப்பிலைச் செடி இருந்தது. சட்டியை அதில் கவிழ்த்தார். ஒரு கையால் செதில்களை மண்ணில் கிளறிவிட்டார். பிறகு சட்டியை அலம்பி, அலம்பிய தண்ணீரையும் அதிலேயே ஊற்றிவிட்டு வந்துவிட்டார். யாருடனோ பக்கத்துச் சுவர் வழியாகப் பேசிக்கொண்டே இத்தனையும் செய்தார். அதை அவர் ஒரு காரியமாகவே நினைக்கவில்லை.

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறந்ததிலிருந்து வாரம் இரண்டு தடவை இதைப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூட நாட்களில் நானே எத்தனை தடவை அந்தச் சட்டியைக் கவிழ்த்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் மீன் வாங்குகிற வீட்டில் மீன் கழுவிய தண்ணீர் சாக்கடைக்குப் போனால் அது வீண் செலவு என்றுதான் அர்த்தம். இதெல்லாம் தெரிந்த நான், டிராயிங் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும், தண்ணீர் என்றால் ஏதோ லேபில் கண்ணாடிக் குடுவையில் இருப்பது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டு வாசனை ஆபீஸில் வரக்கூடாது என்று வருடக்கணக்காகப் பழகியதன் பலன் அது. மீன் குழம்பு கொண்டுவந்தால் டிபன் பாக்ஸை ஓரமாகத் திறந்து சாப்பிட்டவள் நான். அஞ்சலை அக்காவைக் கவனக்குறைவு என்று எழுதியது என் அம்மாவையும் சேர்த்துத்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. ரொம்ப வெட்கமாக இருந்தது.

இதைப் படிக்கிற நீங்கள் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சாமானை ஆறு பேரிடம் கொடுத்து, ஐந்து பேர் ஒரே மாதிரி தப்பாக உபயோகித்தால், தப்பு அந்த ஐந்து பேரிடம் இல்லை. அந்த ஐந்து பேரும் சேர்ந்து உங்களுக்கு இலவசமாகப் பாடம் எடுத்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை அச்சு வெட்டுகிற டூல் ரூமுக்குப் போய் தேவராஜிடம் சொன்னேன். தேவராஜ் அங்கே ஃபோர்மேன். என் வயதுதான். கொருக்குப்பேட்டைக்காரர். பாராட்டினாலும் திட்டுவது மாதிரியே இருக்கும். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "இத்த படம் போடும்போதே கேட்டிருக்கலாமில்ல மேடம்? எங்க வூட்லயும் அதான் ஊத்துவாங்க," என்றார். நீங்களும்தானே அச்சு வெட்டும்போது சொல்லவில்லை என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆமாம், அவருக்கும் அப்போது தோன்றவில்லை என்று ஒப்புக்கொண்டார். தொழிற்சாலை கேட்டைத் தாண்டி உள்ளே வந்தால் எங்கள் எல்லோருக்கும் ஒரே வியாதிதான்.

பெட்டியைச் சரிசெய்வது என்று முடிவெடுத்தோம். சோதித்துப் பார்க்கச் சரக்கு வேண்டுமே. தொழிற்சாலையில் மீன் கழுவிய தண்ணீருக்கு எங்கே போவது? அம்மாவும் எங்கள் தெருப் பெண்களும் எடுத்துவைத்ததை ஐந்து லிட்டர் கேனில் நிரப்பி, தினமும் ரயிலில் கொண்டுவந்தேன். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் வாசனைக்கு வழி தெரியும். இரண்டாம் நாளிலிருந்து லேடீஸ் கம்பார்ட்மெண்டில் எனக்கு ஜன்னல் சீட் நிச்சயம். எதிர் சீட்டும் காலி. வருடக்கணக்காகத் தோளோடு தோள் உரசி வந்த தோழிகள் எல்லாம் எனக்குக் கை மட்டும் காட்டிவிட்டு அடுத்த வாசலில் ஏறினார்கள். ஒருத்தி மட்டும், ஆபீஸில் வேலை போய்விட்டதா, மீன் வியாபாரம் ஆரம்பித்துவிட்டாயா என்று அக்கறையாக விசாரித்தாள்.

முதலில் டேங்கின் வாயில் கரித்துண்டும் சல்லடையும் வைத்து வடிகட்டிப் பார்த்தோம். மூன்றே நாளில் செதில் அடைத்து, வாய் வழியாக உள்ளே போக வேண்டியது வெளியே வந்தது. சல்லடையைப் பெரிதாக்கினோம். அடைக்கவில்லை, ஆனால் நாறியது. டூல் ரூமில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்தால் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டார்கள். நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதிகாரி வருவதற்கு ஐந்து வாரம்கூட இல்லை. மோல்டிங் பிரிவின் பதினான்கு பேரும் தினமும் ஏதாவது சாக்கு வைத்து வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார்கள். அவர்கள் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

திரும்பவும் அஞ்சலை அக்கா வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை தாள் எடுத்துப் போகவில்லை, கேள்வியோடு போனேன். அவர் வீட்டுச் சுவரோரம் ஒரு எண்ணெய் டின்னில் துளசியும், உடைந்த குடத்தில் ஒரு ரோஜாவும் இருந்தன. இரண்டுக்கும் இதே தண்ணீர்தானா என்று கேட்டேன். ஆமாம் என்றார். குனிந்து முகர்ந்தேன். மண் வாசனைதான் வந்தது. என் பெட்டியில் மட்டும் ஏன் நாறுகிறது என்று அவரிடமே கேட்டேன். அக்கா மீன் ஆய்ந்துகொண்டே, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி சொன்னார்.

"நீ புட்ச்சி வெச்சிகினு கீற, அதான் நாறுது. டின்னுல ஊத்துனா மண்ணு துன்னுட்டு மிச்சத்த கீழ வுட்டுடும்."

அவ்வளவுதான். நான் படித்த படிப்பில் இதற்குப் பெரிய பெயர்கள் உண்டு. காற்றுப்படாமல் தேங்கினால் அழுகும், மண் வழியாக இறங்கினால் மண்ணே அதை உரமாக்கிக்கொள்ளும். அந்தப் பெயர்கள் தெரியாத அக்காவுக்குக் காரியம் தெரிந்திருந்தது. பெயர் தெரிந்த நான் அதை டேங்கில் பிடித்து வைத்திருந்தேன்.

ரயிலில் திரும்பும்போது இன்னொன்றும் உறைத்தது. ஒருதரம் ஊற்றினால் ஒரு வாரம் என்ற என் பெருமை யாருக்காக? இந்த வீடுகளில் தண்ணீரோடு நாள் முழுக்கப் புழங்குகிறார்கள். காலையில் அரிசி களைகிறார்கள், மதியம் மீன் கழுவுகிறார்கள், சாயங்காலம் காய் அலசுகிறார்கள். ஊற்ற ஆள் இல்லாத வீடு அங்கே கிடையாது. ஒரு வாரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு நான் டேங்க் செய்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தால், சரிசெய்ய வேண்டியது டேங்கை அல்ல. டேங்கே வேண்டாம்.

இதை நினைக்கும்போது சிரிப்பு வந்தது. உடனே பயமும் வந்தது. அச்சுகளிலேயே பெரியதும் அதிகச் செலவானதும் அந்த டேங்க் அச்சுதான். முதலாளி ஒரு தடவைதான் என்று சொல்லியிருந்தார்.

தேவராஜ் திட்டினார். பிறகு வேலையை ஆரம்பித்தார். மேல் தொட்டியின் அடியில் ஓட்டைகள் வேண்டும். அச்சில் சின்னச் சின்ன முளைகள் பொருத்தினால் பொருளில் ஓட்டை விழும். அது அவருக்கு இரண்டு நாள் வேலை. ஆனால் வடிகிற தண்ணீரைப் பிடிக்க ஆழமில்லாத ஒரு தட்டு வேண்டுமே, அதற்குப் புது அச்சுக்கு எங்கே போவது என்று நான் கையைப் பிசைந்தேன். அவர் பதில் சொல்லாமல் ஸ்டோருக்குப் போய், தூசியோடு ஒரு பழைய தட்டை எடுத்துவந்து என் மேஜையில் போட்டார். இறால் ஷெட்டுகளுக்கு முன்பு நாங்கள் செய்துகொடுத்த தட்டு. அதன் அச்சு ரேக்கில் துருப்பிடித்துக் கிடந்தது.

தட்டு தொட்டியின் கால்களுக்கு நடுவே நுழையவில்லை. இரண்டு விரல் அகலம் கூடுதல். தேவராஜ் அதை நீளவாக்கில் திருப்பிப் பக்கவாட்டில் தள்ளினார், உள்ளே போய்விட்டது. இரண்டு விரல் அகலம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதை அறுத்துவிடலாமா என்று கேட்டார். நான் நீட்டிய பகுதியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். மேஜை டிராயர் மாதிரி வந்தது. வேண்டாம், இதுதான் கைப்பிடி என்றேன். அன்றைக்குத்தான் தேவராஜ் என்னைத் திட்டாமல் டீ வாங்கிக் கொடுத்தார்.

பதினைந்து நாள் இரண்டு பெட்டிகளை அருகருகே வைத்தோம். ஒன்று டேங்க் பெட்டி, இன்னொன்று தட்டுப் பெட்டி. இரண்டுக்கும் என் கேனிலிருந்து ஒரே தண்ணீர். தட்டுப் பெட்டியில் வடிந்ததை எடுத்து மறுபடி மேலேயே ஊற்றினோம். அடுத்த வேளைக்குள் தட்டு காய்ந்துவிட்டது. பதினாறாம் நாள் இரண்டையும் தூக்கிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். அவர் மீன் சாப்பிடாதவர் என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

டேங்கின் மூடியை அவர் முன்னால் திறந்தேன். நாற்காலியோடு பின்னால் போனார். ஜன்னலைத் திறக்கச் சொன்னார். பிறகு தட்டுப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தி, இதற்கும் அதே தண்ணீர்தான், முகர்ந்து பாருங்கள் என்றேன். அவர் என்னை நம்பாமல் பெட்டியைப் பார்த்தார். மூக்கை மூடியிருந்த கைக்குட்டையை எடுத்துவிட்டு மெதுவாகக் குனிந்தார். தட்டை இழுத்தும் பார்த்தார். ஈர மண் வாசனையும் வெந்தயக்கீரை வாசனையும்தான் இருந்தன.

"டேங்க் அச்சு வேஸ்ட் சார். ரிப்போர்ட்டில் முதல் வரியும் தப்பு. கவனக்குறைவு என்னுடையது," என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல நான் ரயிலில் நாலு நாள் ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் தட்டை உள்ளே தள்ளினார். எல்லா வீட்டிலும் இப்படித்தானா என்று கேட்டார். மீன் வாங்குகிற வீட்டில் மீன் தண்ணீர், வாங்காத வீட்டில் அரிசி களைந்த தண்ணீர் என்றேன். அவர் முகம் மாறியது. அவர் மனைவி தினமும் பருப்பு களைந்த தண்ணீரை மாடித் துளசிக்கு எடுத்துப் போவதை அவரே சொன்னார். இத்தனை வருடமும் அதை ஏதோ பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். டேங்க் அச்சை என்ன செய்வது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், அதைப் பார்வையில் படாத இடத்தில் வைக்கச் சொல்லிவிட்டு, இறால் தட்டு அச்சைத் துருநீக்கக் கையெழுத்துப் போட்டார்.

மோல்டிங் பிரிவில் அந்த வாரம் யாரும் லீவு எடுக்கவில்லை. புதுப் பெட்டிகள் ஆறும் அதே ஆறு வீடுகளுக்குப் போயின. இந்தத் தடவை தாள் கொடுக்கவில்லை. உங்கள் வீட்டுச் செடிக்கு என்ன செய்வீர்களோ அதைச் செய்யுங்கள் என்று மட்டும் சொன்னேன். அஞ்சலை அக்கா பெட்டியை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்பதான் இது பொட்டி," என்றார்.

பர்ச்சேஸ் அதிகாரி நிறையக் கேள்விகள் கேட்கிற, கொஞ்சமாகச் சிரிக்கிற மனிதர். சொன்ன நாளில் வந்தார். முதலாளி, விற்பனைப் பிரிவுக்காரர், நான், மூவரும் கூடப் போனோம். விற்பனைப் பிரிவுக்காரர் முந்தின நாளே எல்லா வீடுகளுக்கும் போய், அதிகாரி இருக்கும்போது நல்ல தண்ணீர் ஊற்றும்படி கேட்டுக்கொண்டாராம். எனக்கு அது தெரியாது. அஞ்சலை அக்கா வீட்டில் நாங்கள் நுழைந்தபோது அவர் சமையலுக்கு மீன் ஆய்ந்து முடித்திருந்தார். உள்ளறை என்று ஒன்று கிடையாது. ஓரமாகப் பாயில் அவர் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். டிவி பக்கத்தில் குல்லாய் போட்ட விளக்குக்குக் கீழே கீரை தளதளவென்று நின்றது. அதிகாரிக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போடப்பட்டது. பெட்டிக்கும் அவர் முழங்காலுக்கும் ஒரு சாண் தூரம்.

அக்கா எழுந்தார். சிவந்த தண்ணீர் தளும்பும் சட்டியைத் தூக்கினார். எங்கள் எல்லோருக்கும் நடுவே வந்து, பெட்டியில் நிதானமாகக் கவிழ்த்தார். விற்பனைப் பிரிவுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா செதில்களை விரலால் மண்ணுக்குள் தள்ளினார். கையை அலம்பி அந்தத் தண்ணீரையும் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் தட்டில் வடிந்ததை இழுத்து எடுத்து மறுபடி மேலே ஊற்றினார். அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்து, இதை ஊற்றலாமா என்று கேட்டார். எனக்கு முன்னால் அக்கா பதில் சொன்னார்.

"இதுக்குத்தான் சார் பொட்டியே. நல்ல தண்ணி ஊத்த சொல்லி இவரு நேத்து வந்து சொன்னாரு. இருந்தா நாங்க குடிக்க மாட்டோமா?"

நான் தரையைப் பார்த்தேன். அதிகாரி பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். எத்தனை நாளாக இப்படி ஊற்றுகிறீர்கள் என்று கேட்டார். வந்த நாள் முதல் என்றார் அக்கா. வாசனை வரவில்லையா என்று கேட்டார். வந்தால் வெளியே போட்டிருப்பேனே, முதல் பெட்டியை அப்படித்தான் போட்டேன் என்றார் அக்கா. கீரையை ஒரு கொத்து அறுத்து, பழைய பேப்பரில் சுற்றி அதிகாரி கையில் வைத்தார்.

"எட்த்துகினு போ நைனா. வூட்ல கடைஞ்சி குட்க்க சொல்லு. கரி இருக்காது, ஒரு தண்ணில அலசுனா போதும்."

கார் கிளம்பிய பிறகுதான் அதிகாரி பேசினார். முதல் பெட்டியை வெளியே போட்டேன் என்றாரே, அது என்ன கதை என்று கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். மறைக்காமல் முழுவதையும் சொன்னேன். கவனக்குறைவு என்று எழுதியதையும், ரயிலில் கேனோடு வந்ததையும் சேர்த்துத்தான். அவர் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். அந்த வாரமே ஆர்டர் வந்தது. பேட்டரிப் பெட்டி ஓடிய நல்ல நாட்களில்கூட எங்கள் மோல்டிங் பிரிவு அப்படி ஓடியதில்லை. பதினான்கு பேரில் ஒருவரும் வெளியே போகவில்லை. இன்னும் ஆட்கள் எடுத்தோம்.

அட்டைப்பெட்டியில் என்ன அச்சடிப்பது என்று ஒரு சின்னச் சண்டை நடந்தது. விற்பனைப் பிரிவுக்காரர் பழக்கதோஷத்தில் சுத்தமான நீர் என்றே ஆரம்பித்தார். நான் விடவில்லை. முதல் வரி இப்படித்தான் அச்சானது: மீன் கழுவிய தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், எதையும் ஊற்றலாம். முதல் அட்டை வந்ததும் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, இதைப் போய் எழுதுவார்களா, எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று கேட்டார். எனக்குத் தெரியாமல் போயிருந்ததே என்று சொன்னேன். அம்மா புரிந்துகொண்டாரோ என்னவோ, அன்றைக்கு மீன் துண்டில் பெரியது என் தட்டுக்குத்தான் வந்தது.

இரண்டாவது ஷிப்ட் மறுபடி தொடங்கிய முதல் நாள், தொழிற்சாலையிலிருந்து முன்கூட்டியே கிளம்பி ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். வேலைக்கு வருகிறவர்கள் டிபன் பாக்ஸோடு ரயிலிலிருந்து இறங்குவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. இறங்கினார்கள். பார்த்தேன். ஒருவர் கை காட்டினார், இன்னொருவர் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார். எனக்கு ராயபுரம் போகும் ரயில் வந்தது. லேடீஸ் கம்பார்ட்மெண்டில் நிற்கக்கூட இடமில்லை. என் கையில் கேன் இல்லை என்று பார்த்ததும் தோழிகள் தாராளமாக நெருக்கினார்கள். ஜன்னல் சீட்டில் இருந்தவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அசையவே இல்லை. ராயபுரம் வரை ஒற்றைக் காலில் நின்றுகொண்டே வந்தேன். என் சர்வீஸில் அத்தனை சந்தோஷமாக நான் ஒருநாளும் வீட்டுக்குப் போனதில்லை.